வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்காக எரிந்த லைட்டு

எங்கள் பக்கத்து ஒயர்மேன்கள் எல்லாம் சேர்ந்து இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். "அண்ணே, நீங்க ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரணும்" என்று நாலு பேர் வந்து நின்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இல்லை, உப்பளத்தில்தான் இருந்தேன். "கட்டுரையெல்லாம் நமக்கு வராதுப்பா, ஒயர் வேணும்னா இழுத்துத் தரேன்" என்றேன். "நீங்க பேசுற மாதிரியே எழுதுங்கண்ணே, போதும்" என்றார்கள். பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகையால் இந்த மலரில் மற்றவர்களுக்குப் பக்கம் குறைந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது ஒரு லைட்டு வந்திருக்கிறது. சோலார், பேட்டரி, சென்சார் எல்லாம் ஒரே டப்பாவுக்குள். சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினால் வேலை முடிந்தது. ஒயரும் வேண்டாம், ஒயர்மேனும் வேண்டாம். ஆனால் மாட்டிய இரண்டாவது நாளே எனக்குப் போன் வந்துவிடும். "அண்ணே, ஆள் போனாத்தான் எரியுது. வீட்டுல விசேஷம், விடாம எரியணும்னா என்னா பண்றது?" அதற்குத்தான் நாங்கள் அந்தக் காலத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தோம். அந்தச் சுவிட்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மரக்காணத்தில் முதல் சென்சார் லைட்டை மாட்டியவன் நான். சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் ஆறு வருஷம். பிறகு கோட்டக்குப்பம் இஸ்மாயில் பாயிடம் சேர்ந்தேன், அவர் தொழிலை விடுகிறவரை அவரிடமே இருந்தேன். லைசென்ஸ் அவர் பெயரில், கை என்னுடையது. கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரை ரோட்டோரம் எரிகிற பழைய வீட்டு விளக்குகளில் பாதி என் கை பட்டது.

பாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. சத்தம் போட மாட்டார். சைட்டுக்கு வந்தால் முதலில் டீ குடிப்பார். குடித்து முடிக்கிறவரை வேலையைப் பார்க்கவே மாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் நமக்கே நம் தப்பெல்லாம் கண்ணில் படும், ஓடிப்போய்ச் சரி செய்வோம். அதற்காகத்தான் அவர் மெதுவாகக் குடிக்கிறார் என்பது எனக்குப் புரியவே நாலு வருஷம் ஆனது. பிறகு துணிப்பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுப்பார். ஹோல்டர், குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். "டெஸ்டர் பொய் சொல்லும், பல்பு பொய் சொல்லாது" என்பார். ஒவ்வொரு பாயின்ட்டாகத் தொட்டுப் பார்ப்பார். ஏதாவது கோளாறு என்று நாம் போய்ச் சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தியா, நெனச்சியா?"

பார்த்திருந்தால் மேலே பேசலாம். நினைத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சென்சார் லைட்டை நான் முதன்முதலில் தொட்டது 2004-ல், குயிலாப்பாளையம் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில். அவர் ஊரிலிருந்தே பெட்டியில் கொண்டு வந்திருந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஒயர் எல்லா ஊரிலும் ஒரே பாஷைதான் பேசுகிறது. சென்சாரிலிருந்து மூன்று ஒயர் வரும். ஒன்று கரண்ட் உள்ளே வர, ஒன்று நியூட்ரல், மூன்றாவது சிவப்பு, அது லைட்டுக்குப் போகும். ஆள் அசைந்தால் உள்ளே ஒரு ரிலே 'டிக்' என்று தட்டும், சிவப்பில் கரண்ட் வரும். அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன்.

இதில் நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. மலர் படிக்கிற தம்பிகள் இதை மட்டுமாவது படித்துக்கொள்ளுங்கள். 'விடாமல் எரிய ஒரு சுவிட்ச் வேண்டும்' என்றால் சென்சாருக்கு முன்னால் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதைப் போட்டால் சென்சாருக்குக் கரண்ட் போகும், நிறுத்தினால் சென்சாரே செத்துவிடும். அது எப்படி விடாமல் எரியும்? சுவிட்ச் சென்சாருக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். கரண்ட் லைட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று சென்சார் வழி, இன்னொன்று சுவிட்ச் வழி. மெயின் கரண்டிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, சுவிட்ச் வழியாகக் கொண்டு போய், அந்தச் சிவப்பு ஒயரோடு சேர்த்துவிட வேண்டும். சுவிட்சைப் போட்டால் சென்சார் என்ன நினைத்தாலும் லைட்டு எரியும். நிறுத்தினால் மறுபடி சென்சார் ராஜ்ஜியம். இதை நான் யாரும் சொல்லிக் கொடுக்காமல், சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் கண்டுபிடித்தேன். பாய் வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அழிச்சிடாத, நான் ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார். அவர் வாயால் அப்படிக் கேட்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

அடுத்து பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நாலு மாட்டினேன். அங்கே ஒரு பசு மாடு லைட்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டு வாலை ஆட்டி ஆட்டி எரிய வைத்தது. சென்சாரைக் கொஞ்சம் தூக்கித் திருப்பினேன், மாடு இருட்டில் படுத்தது. அந்த மாதிரிச் சின்னச் சமாச்சாரமெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை.

இப்போது உப்பளத்துக்கு வருகிறேன்.

தேவராஜ் முதலாளிக்கு மரக்காணத்தில் பெரிய உப்பளம். பாத்திகளில் வாரிய உப்பை ரோட்டுப் பக்கம் ஒரு மேட்டில் கொண்டு வந்து அம்பாரமாகக் கொட்டி வைப்பார்கள், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த மேட்டில் உப்பு திருடு போகிறது, நாய் வந்து அசிங்கம் செய்கிறது என்று அவருக்குக் குறை. குயிலாப்பாளையத்து லைட்டைப் பற்றி யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். 2005 மழைக்காலம் முடிந்த சமயம். உப்பெல்லாம் விற்றுத் தீர்ந்து மேடு காலியாக, கறுப்புச் சேறாகக் கிடந்தது.

உப்பளத்தில் ஒயரிங் செய்வது மற்ற இடம் மாதிரி இல்லை. காற்றிலேயே உப்பு. இன்றைக்கு மாட்டிய ஸ்குரூவை அடுத்த மாசம் திருகினால் மாவாக உதிரும். செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். நான் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் வாசலின் தடவி, டேப் சுற்றி, அதன் மேல் மறுபடி வாசலின் தடவுவேன். பெட்டிக்குள் ஒயரை மேலிருந்து விட மாட்டேன். கீழே ஒரு வளைவு கொடுத்து அடியிலிருந்து ஏற்றுவேன், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எர்த் குழி மட்டும் எங்கள் ஊரில் சுலபம். மற்ற ஊரில் குழி தோண்டினால் கரியும் உப்பும் கொட்ட வேண்டும். எங்களுக்குக் கரி போதும்.

பன்னிரண்டு அடிக் கம்பம். உச்சியில் ஐந்நூறு வாட் ஹாலஜன் இரண்டு. எட்டடி உயரத்தில் சென்சார், மேட்டைப் பார்த்தபடி. வாட்ச்மேன் கொட்டகை வாசலில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் அந்தச் சுவிட்ச். லாரியில் உப்பு ஏற்றும்போது விடாமல் எரிய வேண்டுமே, அதற்காக.

பாய் வந்தார், டீ குடித்தார், டெஸ்ட் லேம்ப்பால் தொட்டுப் பார்த்தார். "சென்சார் கண்ணுக்கு எதிர்ல என்னா இருக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய். வெறுந்தரை."

தலையாட்டிவிட்டுப் போனார். நானும் நிமிர்ந்துதான் நடந்தேன். உப்பளத்திலேயே வளர்ந்தவன் நான். அந்த வெறுந்தரை இன்னும் நாலு மாசத்தில் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வாட்ச்மேன் பெயர் கன்னியப்பன். கடலோரக் குப்பத்து ஆள், என் வயசுதான் இருக்கும். சுனாமி அலை வந்த அன்று அவருடைய மீன்பிடி போட்டு கடலோடு போய்விட்டது. அவர் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். அதற்கப்புறம் கடலில் கால் வைக்கவில்லை. குப்பத்தில் கேலி பேசினார்கள், அதற்கும் அசையவில்லை. முதலாளி வாட்ச்மேன் வேலை கொடுத்ததும் வந்து ஒட்டிக்கொண்டார். கொட்டகை வாசலில் நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டித்தான் போடுவார். இந்த வேலை போனால் மறுபடி யார் போட்டிலாவது கூலிக்கு ஏற வேண்டும், வேறு வழியில்லை. அவர் சம்சாரம் அஞ்சலை அதே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். வாயாடி. நானே அவளிடம் அளந்துதான் பேசுவேன்.

சித்திரை பிறந்தது. உப்பு வாரி அம்பாரம் வீட்டு உயரத்துக்கு நின்றது. ஒரு நாள் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. "ஏழுமலையக் கையோட கூட்டிக்கினு வா" என்று என் பேரைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

போனேன். முதலாளி கோபத்தில் இருந்தார்.

"என்னாய்யா லைட்டு போட்டு வெச்சிருக்கிற? பொழுது சாஞ்சா அணையுது எரியுது, அணையுது எரியுது. ரோட்டுல போற லாரிக்காரன்லாம், 'என்னா மொதலாளி, டான்ஸ் கொட்டாய் தொறந்துட்டீங்களா'ன்னு கேக்கறான்."

பகல் வேளை. எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். என் வாசலின் அப்படியே இருந்தது. ஒரு ஸ்குரூ அசையவில்லை. "என் வேலையில கோளாறு இல்லீங்க" என்றேன்.

அப்போதுதான் முதலாளியின் மச்சான் பேசினார். வெள்ளிக்கிழமை கன்னியப்பனுக்கு லீவு, அன்று மட்டும் இந்த மச்சான்தான் காவல். "மாமா, நான் இருக்கிற அன்னிக்கு லைட்டு ஒழுங்கா இருக்குது. ஒரு தடவ கூட ஆடினதில்ல."

"அப்பிடியா?"

"நீங்களே வெள்ளிக்கெழம வந்து பாருங்க."

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மூன்று பேரும் போய் நின்றோம். நான் நடந்தேன், எரிந்தது. நின்றேன், சொன்ன நேரத்துக்கு அணைந்தது. மறுபடி நடந்தேன், எரிந்தது. பத்துத் தடவை செய்தேன். ஒரு குறையில்லை. அம்பாரத்தின் மேல் கீற்றுப் போட்டு மூடியிருந்தது. அதையும் பார்த்தேன். உப்பளத்தில் கீற்று இருப்பதில் என்ன அதிசயம்?

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்ப என்னாய்யா அர்த்தம்?"

எனக்கு என் வேலையின் மேல் கர்வம். அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: "சுவிட்ச்ல யாரோ கைய வெக்கிறாங்க. போட்டுப் போட்டு நிறுத்தினா இப்பிடித்தான் ஆடும்."

"நாளைக்குக் காலையில வந்து அவன் எதிர்லயே சொல்லு."

சனிக்கிழமை காலை ஏழு மணி. டீ நேரம். முப்பது பெண்கள் உப்புக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து நின்றார். நான் என் குரலை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கம்பத்து மேலேயிருந்து கீழே இருக்கிறவனிடம் பேசிப் பழகிய குரல். "சென்சார்ல தப்பில்ல, ஒயர்ல தப்பில்ல. சுவிட்ச்ல கை படுது. வேற காரணமே கெடையாது" என்றேன்.

"நான் ஏம்பா அதுல கை வெக்கறேன்? லாரி வந்தா போடுவேன், போனா நிறுத்துவேன். அவ்ளோதான்" என்றார் கன்னியப்பன். மெதுவாகத்தான் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

முதலாளி சுவிட்ச் பெட்டிக்கு ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இனிமே ஆடுதான்னு பாக்கறேன்."

அன்று சாயங்காலமே ஆடியது. மச்சான் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "பூட்டு போட்டா என்னா மாமா, கண்ணுக்கு எதிர்ல துண்ட ஆட்டறான்." முதலாளி கன்னியப்பனைக் கூப்பிட்டார். "திங்கக்கெழம காலையோட நின்னுக்க. வேற ஆளு பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். என் சம்சாரம் "உள்ள வா" என்றதற்கு, "நான் ஒக்கார வரல" என்றாள்.

"ஒயர்மேனு, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. பொட்டியில பூட்டு. சாவி மொதலாளி இடுப்புல. என் புருஷன் எப்பிடிக் கை வெச்சாரு?"

"துண்ட ஆட்டறாரு போல..." என்று இழுத்தேன்.

"துண்ட ஆட்டினா லைட்டு எரியுமா, அணையுமா?"

துண்டை ஆட்டினால் எரியும். ஆட்ட ஆட்ட எரிந்துகொண்டே இருக்கும். அணையாது. மரக்காணத்தில் அந்த நிமிஷம் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முதலாளிக்குத் தெரியாது, மச்சானுக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் உருவாக்கிய பேருக்கும் ஒன்றும் ஆகாது.

அவள் விடவில்லை. "மத்தியானம் பூரா அந்த வெள்ளையப் பாத்துப் பாத்து எங்க கண்ணு போச்சு. தூரத்துல வர்றது மாடா மனுஷனான்னு தெரியல. எங்க கண்ணு போனாலும் ஞாயம் தெரியுது. உன் கண்ணு நல்லாத்தான் இருக்குது, உனக்குத் தெரியல." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"நாலு பேரு எதிர்ல இப்பிடிப் பேசிட்டுப் போறாளே" என்றேன் சம்சாரத்திடம்.

"நாலு பேரு எங்க இருக்காங்க? நான் ஒருத்திதான் இருக்கறேன். நீ பேசினதுதான் முப்பது பேரு எதிர்ல" என்றாள் அவள்.

பஸ் பிடித்துக் கோட்டக்குப்பம் போனேன். பாய் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஆடாது, மற்ற நாள் ஆடும், வெள்ளிக்கிழமை அந்த ஆளுக்கு லீவு, ஆகவே அந்த ஆள்தான்.

"அவரு கைய வெச்சத நீ பாத்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன் பாய்."

"லைட்டு ஆடறதையாவது பாத்தியா?"

அதையும் பார்க்கவில்லை! பகலில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெள்ளிக்கிழமை போய் ஒழுங்காக எரிவதைப் பார்த்தேன். ஆடுகிற லைட்டை நான் ஒரு தடவை கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பாய் நாளிதழை மடித்தார். "சாய்ந்தரம் பஸ் எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரம் நான் உப்பளத்தில் இருந்தேன். கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்பா ஏழுமலை, அலை வந்து அடிச்சுது, போட்டு போச்சு. அதப் போயி எவனும் ஞாயம் கேக்க முடியாது. நீ அடிச்சதக் கேக்கலாமில்ல?"

"அதுக்குத்தான் வந்திருக்கறேன். நீங்க எழுந்திருக்காதீங்க. கைய மட்டும் மடியில வெச்சுக்குங்க."

இருட்டத் தொடங்கியது. நான் கம்பத்தைப் பார்த்து நடந்தேன். எரிந்தது. இரண்டு அடி வைத்தேன், அணைந்தது. திகைத்து நின்றேன். ஒரு அடி வைத்தேன், எரிந்தது. அணைந்தது. கன்னியப்பன் நாற்காலியில், கை மடியில். பூட்டு பூட்டியபடி. லைட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் நடக்க நடக்க ஆடியது. பாவம் மனுஷன், ஏன் ஆடுகிறது என்று பார்க்கத் தினமும் எழுந்து நடந்திருக்கிறார். நடந்தால் ஆடத்தானே செய்யும். மச்சானுக்கு அந்தத் தொல்லையே இல்லை, பொழுது சாய்ந்தால் அவர் படுத்துவிடுவார்.

ஏணியைச் சாய்த்து ஏறினேன். சென்சாருக்கு அடியில் மூன்று திருகு இருக்கும். அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு சூரியன் படமும் ஒரு நிலாப் படமும் போட்டிருக்கும். எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்று வைக்கிற திருகு அது. டார்ச்சை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். லைட்டு எரிந்தது. அந்தச் சூரியன் எனக்குத் தெரிந்தது. நிலா தெரிந்தது. கீழே பொறித்திருந்த பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. டார்ச் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

லைட்டு என் தலைக்கு மேலே, அந்தப் பக்கம் பார்த்து எரிகிறது. பிறகு இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

திரும்பிப் பார்த்தேன். பதினைந்தடி தூரத்தில் உப்பு அம்பாரம். லாரி ஏற்றுவதற்காகக் கீற்றை விலக்கி, முன்பக்கம் முழுக்கத் திறந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. ஆயிரம் வாட்டும் அதில் பட்டு நேராக என் முகத்தில் அடித்தது. அஞ்சலை சொன்ன வெள்ளை. மத்தியான வெயிலில் அவர்கள் கண்ணை என்ன செய்கிறதோ, அதையே இந்தச் சென்சாரின் கண்ணுக்கும் செய்கிறது. லைட்டு எரிந்ததும் உப்பு பளீரென்கிறது. சென்சார் பொழுது விடிந்துவிட்டதாக நினைத்து அணைத்துவிடுகிறது. அணைந்ததும் இருட்டு, ஆள் நடக்கிறான், மறுபடி எரிகிறது. மறுபடி விடிகிறது.

"கன்னியப்பன், அந்தக் கீத்த எடுத்து உப்பு மேல போடுங்க!" என்று ஏணியிலிருந்தே கத்தினேன்.

இரண்டு பேருமாக இழுத்துப் போட்டு மூடினோம். நடந்தேன். எரிந்தது, அணையவில்லை. கீற்றை விலக்கினோம், ஆடியது. மூடினோம், நின்றது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். இந்தத் தடவை பார்த்தேன், நினைக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கெழம?" என்றார் கன்னியப்பன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலாவது உப்பை வெளியே கொடுப்பார்களா? உப்பு மகாலட்சுமி. தேவராஜ் முதலாளி அதை வீட்டோடு நிறுத்தவில்லை, அம்பாரத்துக்கும் அதே சட்டம். வெள்ளிக்கிழமை ஒரு கல் உப்பு மேட்டை விட்டுப் போகாது. லாரி இல்லை. லாரி இல்லாததால் வாட்ச்மேனுக்கு லீவு. லாரி இல்லாததால் காலையிலேயே கீற்றுப் போட்டு மூடிவிடுவார்கள். லைட்டு ஒழுங்காக எரியும். சனிக்கிழமை காலையில் திறப்பார்கள், கன்னியப்பனும் வந்துவிடுவார், லைட்டு ஆடும். மகாலட்சுமிக்குக் கொடுத்த லீவில் மாட்டிக்கொண்டது இந்த மனுஷன். இந்த உலகத்தில் எந்தச் சென்சார் கம்பெனிக்காரனும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். நான் கண்டுபிடித்தேன். அதே தப்பைச் செய்தவனும் நான்தான் என்பதால் அன்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

"மொதலாளி வீட்டுக்குப் போய் இப்பவே சொல்லிடறேன்" என்றேன்.

கன்னியப்பன் தலையை ஆட்டினார். "வீட்ல வேணாம். எங்க சொன்னியோ அங்க சொல்லு."

திங்கள் காலை, அதே ஏழு மணி, அதே டீ. கன்னியப்பன் தன் துணிமணிகளைப் பையில் கட்டித் தயாராக வைத்திருந்தார். முதலாளி, மச்சான், கூடைகளின் மேல் முப்பது பெண்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"லைட்டு ஆடினதுக்குக் காரணம் கன்னியப்பன் இல்ல. என் தப்பு" என்றேன்.

கூடையின் மேலிருந்து அஞ்சலை கையைக் காதில் வைத்துக்கொண்டாள். "என்னா சொல்றாரு? கேக்கல."

"என் தப்புன்னு சொல்றேன்."

"சனிக்கெழம பேசினது ரோட்டு வரைக்கும் கேட்டுதே ஒயர்மேனு. இன்னிக்கு என்னா, வாயில உப்பு கட்டிக்குச்சா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சை நன்றாக இழுத்து, கம்பத்து மேலிருந்து பேசுகிற குரலில் முழுசாகச் சொன்னேன். உப்புக்கு எதிரே சென்சாரை வைத்தது என் தப்பு. பார்க்காமல் பேசியது அதைவிடத் தப்பு. கன்னியப்பன் சுவிட்சைத் தொடவில்லை. ரோட்டில் போன சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"துண்ட ஆட்டினான்னு..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"நீ காவலுக்கு வந்தா தூங்கற ஆளு, உனக்கு என்னா தெரியும்" என்று முதலாளி அவரை அடக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே என்னாய்யா பண்ணப் போற?" என்றார்.

"சென்சாரக் கழட்டிக் கொட்டாய் சொவுத்துல மாட்டிடறேன். உப்பு அதுக்கு முதுவுல இருக்கும். ரோட்டுலேர்ந்து வர்ற பாதைய மட்டும் பாக்கும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றேன்.

முதலாளி மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே ஜாதி. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார், கன்னியப்பன் கையில் வைத்தார். "நீயே வெச்சுக்க. பையக் கொண்டு போய் உள்ள வை" என்றார்.

கன்னியப்பன் பையை எடுக்கவில்லை. நேராகச் சுவிட்ச் பெட்டியிடம் போனார், பூட்டைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார். ஐந்நூறு வாட் இரண்டும் எரிந்தன. வெயில் ஏறிவிட்ட நேரம். அம்பாரமே கண்ணைக் கூசுகிறது, அதில் அந்த லைட்டு எரிவது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அவர் எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி பார்த்தார், மோட்டார் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பகலில் லைட்டு எரியக் கண்டால் அது யார் வீடாக இருந்தாலும் உள்ளே போய்த் திட்டி அணைத்துவிட்டு வருகிறவன் நான். அன்று அதை அணைக்கப் போகவில்லை, ஏணியை எடுக்கப் போனேன். கன்னியப்பனாக வந்து அணைக்கிறவரை நான் அந்த ஒயரில் கை வைக்கவில்லை.